நீலமலை முகட்டில் கல்லறை மேடுகள்

முன்னுரை

மாண்டாரை மறவாமை மாந்தரின் பண்புகளுள் ஒன்று. உண்ணலும் உறங்கலும் எல்லா உயிர்க்கும் பொது. இறந்த தன் சுற்றத்தானுக்கு ஓரிடம் வகுத்து, அவ்விடத்திற்கு அடையாளமிட்டு, அதனைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் வழக்கமோ மனிதனிடத்தேதான் முழுமையாக வளர்ந்துள்ளது. எழுத்து தோன்றுவதற்கு முன்பே கல்லறை தோன்றிவிட்டது. ஆதலின், எழுதா வரலாற்றைக் கற்க விரும்புவோர் முதலில் சென்று நிற்கும் இடம் கல்லறையே ஆகும்.

நீலகிரி மாவட்டத்தின் குந்தா வட்டத்தில் உள்ள பிக்கட்டி போன்ற மலையூர்களில் நின்று சுற்றிலும் நோக்குவார்க்குத் தேயிலைத் தோட்டங்களும் கற்பூர மரங்களும் காய்கறிப் பாத்திகளும் தோன்றும். இவை யாவும் கடந்த இருநூறு ஆண்டுகளுக்குள் இம்மலையில் ஏற்பட்ட மாற்றத்தின் விளைவுகள். இவற்றுக்கெல்லாம் முற்பட்டு, மலைமுகடுகளிலும் புல்வெளிச் சரிவுகளின் உச்சியிலும் வட்டமாக அடுக்கப்பட்ட கற்களும் மண் மூடிய மேடுகளும் இருந்துவந்தன. அவற்றுள் பல அழிந்தன, பல தோண்டப்பட்டன, சில இன்றும் எஞ்சியுள்ளன. அவை யாருடையவை, அவற்றினுள் இருந்தவை யாவை, அவற்றைத் தோண்டியதால் நாம் பெற்றதும் இழந்ததும் யாவை என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேடுகளின் அமைப்பு

இறந்தோர்க்குப் பெருங்கற்களைக் கொண்டு எழுப்பப்பட்ட சின்னங்களைத் தொல்லியலார் பெருங்கற்படைச் சின்னங்கள் என்பர். தென்னிந்தியாவில் இவ்வழக்கம் இரும்பின் பயன்பாட்டோடு இணைந்து காணப்படுகிறது. சமவெளியில் இவை பலவகையின. நிலத்தைச் சுற்றி உருண்டைக் கற்களை வட்டமாக நிறுத்துவது கல்வட்டம். கற்பலகைகளால் நாற்புறமும் சுவரெழுப்பி, மேலே மூடுகல் இட்டு, நிலத்தின்மேல் அமைப்பது கல்திட்டை. அதுவே நிலத்தினுள் புதைந்திருப்பின் கல்லறை அல்லது கற்பதுக்கை எனப்படும். பெரிய மட்பாண்டத்தில் எலும்புகளை இட்டுப் புதைப்பது முதுமக்கள் தாழி. கற்களைக் குவித்து மேடாக்குவது கற்குவை.

நீலகிரியின் மேடுகள் இவற்றோடு உறவுடையனவாயினும் தமக்கெனத் தனித்தன்மை கொண்டவை. இங்குள்ள ஒருவகை மேடு, கிணற்றின் கைப்பிடிச் சுவரைப் போன்று வட்டமாகக் கட்டப்பட்ட கற்சுவரை உடையது. சுவரின் நடுவிடம் மண்ணாலும் கல்லாலும் நிரப்பப்பட்டிருக்கும். தொலைவிலிருந்து காண்பார்க்குத் தூர்ந்துபோன கிணறு ஒன்று மலையுச்சியில் இருப்பதுபோலத் தோன்றும். மற்றொரு வகை, சுற்றிலும் பள்ளமோ கல்வரிசையோ அமைந்த மண்மேடு. இவையன்றி எளிய கல்வட்டங்களும் உண்டு. சோலூர், மேலூர் முதலிய இடங்களில் சிற்பம் செதுக்கிய பலகைக் கற்களால் ஆகிய திட்டைகளும் காணப்பட்டுள்ளன. அவை வீரர்க்கு எடுக்கப்பட்ட நினைவுச் சின்னங்கள் எனவும், மேடுகளினும் காலத்தால் பிற்பட்டவை எனவும் கருதப்படுகின்றன.

இம்மேடுகள் அமைந்த இடங்களும் நோக்கற்குரியவை. சமவெளி மக்கள் பெரும்பாலும் வேளாண்மைக்கு உதவாத பாறை நிலத்தில் ஈமக்காடு அமைத்தனர். நீலகிரி மக்களோ நெடுந்தொலைவு கண்ணுக்கெட்டும் முகடுகளையே தேர்ந்தனர். கற்களை உச்சிக்குச் சுமந்து செல்வது எளிய செயலன்று. ஒரு குடும்பத்தால் மட்டும் இயலக்கூடியதும் அன்று. ஊரே கூடி உழைத்திருத்தல் வேண்டும். அத்துணை உழைப்பை இறந்தவர் பொருட்டு நல்கிய ஒரு சமுதாயம் இம்மலையில் வாழ்ந்தது என்பதற்கு அக்கற்களே சான்று.

இலக்கியம் கூறுவன

தமிழ் பயிலும் மாணவர்க்கு இச்சின்னங்கள் புதியன அல்ல. சங்கப் பாடல்களின் பாலைத்திணையில் ‘பதுக்கை’ என்னும் சொல் பயின்று வருகிறது. வழிப்பறி செய்வோரின் அம்புக்கு இரையாகி வழியில் மாண்டவர் உடலின்மீது கற்களையும் தழைகளையும் குவித்து மூடிய மேட்டையே புலவர்கள் அவ்வாறு வழங்கினர். ஆங்கிலேயர் நீலகிரியில் கண்டு தம் மொழியில் பெயரிட்ட கற்குவைக்கு ஈராயிரம் ஆண்டுகளாகத் தமிழில் பெயர் இருந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

முதுமக்கள் தாழியைப் பற்றிய குறிப்புகளும் புறநானூற்றில் உள்ளன. சோழன் கிள்ளிவளவன் மறைந்தபோது ஐயூர் முடவனார் தாழி வனையும் குயவனை விளித்துப் பாடினார்; மன்னனின் புகழுடம்பை மூடத்தக்க பெருந்தாழியை அவனால் எங்ஙனம் வனைய இயலும் என்பது அப்பாடலின் கருத்து. பிறிதொரு பாடலில், கணவனை இழந்த பெண்ணொருத்தி, தனக்கும் இடமிருக்கும்படி தாழியை அகலமாக வனையுமாறு குயவனை வேண்டுகிறாள். மணிமேகலையோ சக்கரவாளக் கோட்டத்தைப் புனையுமிடத்து, உடலை எரித்தல், வெளியில் இட்டுவிடல், குழி தோண்டிப் புதைத்தல், தாழ்ந்த அறைகளில் அடைத்தல், தாழியால் மூடுதல் என ஐவகை வழக்கங்கள் ஒரே நகரில் நிலவியதைக் காட்டுகிறது. பல்வேறு வழக்குடைய மக்கள் ஒருவர் முறையை மற்றவர் இகழாது அருகருகே தம் இறந்தோரை அடக்கம் செய்தனர் என்பது இதனால் பெறப்படும்.

எனினும், நீலகிரியின் மேடுகளை எழுப்பியோர் இன்னார் என்று சுட்டும் பாடல் எதுவும் இல்லை. அங்கே கல்லும் மண்ணும் பாண்டமும்தாம் பேசவேண்டும்.

முதலில் தோண்டியோர்

கோயம்புத்தூர் ஆட்சியராயிருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு வந்த பின்னரே ஆங்கிலேயர் இம்மலையில் குடியேறத் தொடங்கினர். அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் மலைமுகட்டு மேடுகள் அவர்களுடைய ஆர்வத்தைத் தூண்டின. விடுமுறையில் உதகை வந்த படையதிகாரிகள் பலர் மண்வெட்டியோடு முகடுகளுக்குச் சென்றனர். அவர்களுள் குறிப்பிடத்தக்கவர் சென்னைப் பீரங்கிப் படையைச் சார்ந்த காங்ரீவ் என்பவர். நீலகிரியின் தொல்பொருள்களைப் பற்றி இவர் எழுதிய கட்டுரை 1847இல் சென்னையிலிருந்து வெளிவந்த ஆய்விதழில் அச்சாயிற்று. தோடர்களே இம்மேடுகளை எழுப்பினர் என்றும், அவர்கள் நடு ஆசியாவின் சிதியர் மரபினர் என்றும் இவர் கருதினார்.

இவருக்குப்பின் நீலகிரியின் முதல் ஆணையராகிய ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் இத்துறையில் ஈடுபட்டார். 1868இல் நீலகிரி தனி ஆணையரின்கீழ்க் கொண்டுவரப்பட்டபோது பொறுப்பேற்ற இவர், மலைவாழ் மக்களின் வழக்கங்களையும் தொல்சின்னங்களையும் ஒருங்கே ஆராய்ந்தார். பல மேடுகளை அகழ்ந்தார். 1872இல் இவர் காலமாகவே, இவர்தம் துணைவியார் குறிப்புகளைத் தொகுத்து 1873இல் நூலாக வெளியிட்டார். நீலகிரியின் பழங்குடியினரையும் நினைவுச் சின்னங்களையும் பற்றிய அந்நூலே இன்றளவும் இப்பொருளில் முதன்மையான சான்றாக விளங்குகிறது.

பிரீக்ஸ் குறித்த ஒரு செய்தி சிறப்பாகச் சுட்டத்தக்கது. குறும்பர்களுள் ஒரு சாரார், தம்மில் ஒருவர் இறந்தால், ஆற்றுநீரால் வழவழப்பாகிய நீண்ட கல்லொன்றைக் கொணர்ந்து பழைய கல்திட்டைக்குள் வைத்துவந்தனர். அத்திட்டையைக் கட்டியவர் யாரென்று அவர்கள் அறியார். எனினும் அது இறந்தோர்க்குரிய இடம் என்பதை அறிந்திருந்தனர். முன்னோர் வகுத்த இடத்தில் தம் நினைவையும் சேர்த்து வைத்தனர். பெயர் மறைந்தபின்னும் மதிப்பு மறையாதிருந்தமைக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

இங்கிலாந்தின் மண்மேடுகள்

காங்ரீவ் போன்றோர் நீலகிரி மேடுகளைக் கண்டவுடன் தோண்ட முற்பட்டதேன்? இவ்வினாவுக்கு விடை அவர்களுடைய தாயகத்தில் உள்ளது. இங்கிலாந்தின் நாட்டுப்புறம், குறிப்பாக வில்ட்ஷயர், டார்செட் முதலிய தென்பகுதிகள், பண்டை மண்மேடுகள் நிறைந்த நிலமாகும். ஆங்கிலத்தில் ‘பாரோ’ எனப்படும் இம்மேடுகளுள் நீண்ட வடிவின காலத்தால் முந்தியவை. எடுத்துக்காட்டாக, வில்ட்ஷயரில் உள்ள மேற்குக் கென்னட் நெடுமேடு ஏறத்தாழ 100 மீட்டர் நீளமுடையது, கி.மு. 3650 அளவில் அமைக்கப்பட்டது. அதன் கல்லறைகளுள் ஆண், பெண், குழந்தை எனப் பலருடைய எலும்புகள் ஒருங்கே கிடந்தன. வட்ட வடிவ மேடுகள் அதற்குப் பிற்பட்ட வெண்கலக் காலத்தவை. புகழ்பெற்ற ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தைச் சூழ்ந்து அத்தகைய மேடுகள் கூட்டங்கூட்டமாக உள்ளன.

இம்மேடுகளைப் பற்றி ஆங்கிலேயர் நீண்டகாலம் தவறான கருத்தே கொண்டிருந்தனர். வில்லியம் ஸ்டூக்லி என்பார் 1740இல் வெளியிட்ட நூலில், ஸ்டோன்ஹெஞ்சை டுருயிடு எனப்படும் பழம்பூசாரிகளின் கோயில் என்றார். டுருயிடுகளோ அக்கல்வட்டம் தோன்றி ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தபின் வாழ்ந்தவர்கள். இந்தப் பிழை கடல் கடந்து தமிழகத்திற்கும் வந்தது. காங்ரீவ் தென்னிந்தியக் கற்சின்னங்களை டுருயிடுகளின் சின்னங்களோடு ஒப்பிட்டே எழுதினார். தம் ஊரில் கற்ற தவற்றை நம் மலையிலும் ஏற்றிக் கண்டார் என்று கூறலாம்.

தோண்டும் முறையிலும் அவ்வாறே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரிச்சர்டு கோல்ட் ஹோர் என்னும் செல்வரும் வில்லியம் கன்னிங்டன் என்னும் வணிகரும் வில்ட்ஷயரில் நானூற்றுக்கும் மேற்பட்ட மேடுகளைத் திறந்தனர். 1808இல் ஸ்டோன்ஹெஞ்சுக்கு அருகில் ஒரு மேட்டிலிருந்து பொன்தகடு பதித்த அணிகலன்களை எடுத்தனர். அவர்கள் ஓரளவு குறிப்பெழுதினர். தாம் திறந்த மேட்டினுள் அதனை அறிவிக்கும் அடையாள வில்லையையும் இட்டு மூடினர். எனினும் மேட்டின் உச்சியிலிருந்து குழி இறக்கி, நடுவிலுள்ள பொருளை விரைந்து எடுப்பதே அக்கால முறையாக இருந்தது. எலும்புகளைப் பெரும்பாலும் அங்கேயே விட்டனர். உடைந்த பாண்டங்களை மதிக்கவில்லை. நீலகிரியில் தோண்டியோர்க்கு முன்மாதிரியாக இருந்தது இம்முறையே.

பின்னர் இங்கிலாந்து திருந்தியது. 1882இல் தொல்சின்னங்களைக் காக்கும் முதற் சட்டம் அந்நாட்டில் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்கீழ் முதல் ஆய்வாளராக அமர்ந்த பிட் ரிவர்ஸ் என்னும் படைத்தலைவர் தம் நிலத்திலிருந்த மேடுகளை முழுமையாக அகழ்ந்து, கிடைத்த ஒவ்வொரு பொருளையும் கிடைத்த இடத்தோடும் ஆழத்தோடும் பதிவுசெய்தார். அழகிய பொருளினும் அன்றாடப் பொருளே மக்கள் வாழ்வை மிகுதியாகக் காட்டும் என்பது அவர் கொள்கை. 1939இல் சட்டன் ஹூ என்னுமிடத்தில் ஒரு மேட்டினுள் முழுக்கப்பல் ஒன்றே கல்லறையாக வெளிப்பட்டது. கப்பலின் மரம் முற்றும் மக்கிப்போயிருந்தது. மணலில் பதிந்த அச்சையும் ஆணிகள் கிடந்த வரிசையையும் பொறுமையோடு தொடர்ந்தமையால் கப்பலின் வடிவம் முழுவதும் தெரியலாயிற்று. மண்வெட்டியால் விரைந்து தோண்டியிருப்பின் பொன்னும் வாளும் கிடைத்திருக்கும், கப்பல் கிடைத்திராது.

நீலகிரி மேடுகளினுள் கிடைத்தவை

இனி நம் மலைக்கு மீள்வோம். நீலகிரி மேடுகளில் உடல் எரியூட்டப்பட்டபின் எஞ்சிய சாம்பலும் எலும்புத் துண்டுகளும் வைக்கப்பட்டிருந்தன. அவற்றோடு மட்பாண்டங்கள், இரும்பாலான வேல்முனைகள், கத்திகள், அரிவாள்கள், வேலைப்பாடு மிக்க வெண்கலக் கிண்ணங்கள், பொன்னணிகள், சூதுபவளம் முதலிய மணிகள் ஆகியவை கிடைத்தன. இவற்றுள் ஒரு பகுதி சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் ஒரு பகுதி இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் உள்ளன. சென்னை அருங்காட்சியகத்தின் தொல்பழங்காலப் பொருள்களுக்கு 1901இல் பட்டியல் வெளியிட்ட இராபர்ட் புரூஸ் பூட், நீலகிரிப் பாண்டங்களையும் அதனுள் விரிவாக விளக்கினார். பல்லாவரத்தில் 1863இல் பழங்கற்காலக் கருவியைக் கண்டறிந்த அதே அறிஞர்தாம் இவர்.

இப்பாண்டங்கள் தென்னாட்டில் வேறெங்கும் இவ்வளவு மிகுதியாகக் காணப்படாத அமைப்புடையவை. அடுக்கடுக்காக உயர்ந்த கூசாக்கள், அவற்றின்மேல் மூடிகள், மூடிகளின்மேல் கையால் பிடித்த சிறு மண்ணுருவங்கள். எருமை, மான், சிறுத்தை, யானை, குதிரை, குதிரைமேல் அமர்ந்த வீரன், ஆண், பெண் எனப் பல உருவங்கள் அவற்றுள் உண்டு. எருமைகள் சிலவற்றின் கழுத்தில் மணி கட்டியிருப்பதும் காட்டப்பட்டுள்ளது. கலைத்திறனில் இவை மிக உயர்ந்தவை என்று கூறவியலாது. ஆயினும், தம்மைச் சூழ்ந்த உலகை இறந்தவரோடு அனுப்பிவைக்க முற்பட்ட அம்மக்களின் உள்ளம் இவ்வுருவங்களில் புலப்படுகிறது.

வெண்கலமும் பொன்னும் சூதுபவளமும் மலைமக்கள் வெளியுலகோடு கொண்டிருந்த தொடர்பைக் காட்டுகின்றன. நீலகிரிக்குத் தெற்கே பாலக்காட்டுக் கணவாய் மேற்குக் கரைக்கும் கொங்கு நாட்டுக்கும் இடையே பெருவழியாக இருந்தது. அவ்வழியில் உள்ள வெள்ளலூரில் உரோமானியக் காசுகள் கிடைத்துள்ளன. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் மணிகள் செய்யும் தொழிலும் இரும்பு உருக்கும் தொழிலும் சிறந்திருந்தன. அவ்வூரின் கல்வட்டங்களுள்ளும் சூதுபவள மணிகள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. மலை தனித்தே இருந்தது என்னும் எண்ணம் பிழையானது. மலைப்பொருள் கீழிறங்கியது, கீழ்நாட்டுப் பொருள் மேலேறியது. இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்ந்தமைக்கு இம்மேடுகள் சான்று கூறுகின்றன.

யாருடைய கல்லறைகள்?

மேடுகளை எழுப்பியவர் யார் என்னும் வினாவுக்கு இருவகை விடைகள் கூறப்பட்டு வந்துள்ளன. தோடரின் முன்னோரே என்பது ஒன்று. எருமை உருவங்கள் மிகுதியாகக் கிடைப்பதும், தோடர் தம் இறந்தோரை எரித்தபின் சாம்பலைக் கல்வட்டத்தினுள் புதைத்துவந்ததும் இதற்குச் சான்றுகளாகக் காட்டப்பட்டன. தோடர் அல்லாத வேறொரு மக்கள் என்பது மற்றொன்று. தோடர் உழவு செய்யாதவர். படைக்கலம் ஏந்திப் போரிடும் மரபும் குதிரை வளர்க்கும் வழக்கமும் அவர்களிடம் இல்லை. கல்லறைகளுள் அரிவாளும் வேலும் குதிரை வீரனும் உள்ளமையால் அவை வேறொருவர்க்கு உரியன என்பர் இவர்கள்.

காலத்தைப் பற்றியும் அவ்வாறே. பொன்னணிகளின் வேலைப்பாட்டையும் வெண்கலக் கிண்ணங்களின் வடிவத்தையும் பிற இடத்துப் பொருள்களோடு ஒப்பிட்டு, பல கல்லறைகள் கிறித்துவுக்குப் பிற்பட்ட முதல் சில நூற்றாண்டுகளைச் சார்ந்தவை என ஆய்வாளர் கணித்துள்ளனர். இக்கணிப்பு பொருளின் வடிவத்தைக் கொண்டு செய்யப்பட்டது. கல்லறையின் மண்ணடுக்கைக் கொண்டு செய்யப்பட்டதன்று. அதற்குக் காரணமும் உண்டு.

இழந்தது யாது?

தொல்லியலில் பொருளுக்கு நிகரான மதிப்பு அதன் இருப்பிடத்துக்கும் உண்டு. ஒரு கிண்ணம் எந்தக் கல்லறையில், எந்த ஆழத்தில், எவ்வகைப் பாண்டத்தின் அருகில், யாருடைய சாம்பலோடு இருந்தது என்பது தெரிந்தால்தான் அக்கிண்ணம் வரலாறு கூறும். அத்தொடர்பு அறுந்துவிட்டால் அது வெறும் அழகிய கிண்ணம். நீலகிரியில் ஒரு நாளில் பல மேடுகளைத் திறந்து, சிறந்தவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துச் சென்றோர் பலர். அவ்வாறு எடுக்கப்பட்ட பொருள்கள் கண்ணாடிப் பேழைகளில் பத்திரமாக உள்ளன. அவற்றை ஒன்றோடொன்று பிணைத்த தொடர்போ மீட்கவியலாதபடி அழிந்துவிட்டது. அண்மைக் காலத்தில் அருங்காட்சியகத்துப் பொருள்களை அறிவியல் கருவிகளால் மீண்டும் ஆராய்கின்றனர். எனினும் சிதைந்த கல்லறையை எக்கருவியாலும் மீண்டும் கட்டவியலாது.

தொடர்பு காக்கப்பட்டால் என்ன கிடைக்கும் என்பதற்குத் தமிழகத்திலேயே சான்றுகள் உள. பழனிக்கு அருகிலுள்ள பொருந்தல் என்னும் ஊரில் பேராசிரியர் கா. இராஜன் தலைமையில் நடைபெற்ற அகழாய்வில் ஒரு கல்லறையினுள் நான்கு கால் சாடியொன்று கிடைத்தது. அச்சாடியில் நெல்மணிகள் இருந்தன. அதே கல்லறையில் தமிழி எழுத்துப் பொறித்த பானைத் தாங்கியும் இருந்தது. நெல்லின் காலத்தை அறிவியல் முறையில் கணித்தபோது கி.மு. 490 என்னும் ஆண்டு கிடைத்தது. நெல்லும் எழுத்தும் ஒரே கல்லறையில் இருந்தன என்னும் பதிவு இருந்தமையால், நெல்லின் காலம் எழுத்தின் காலத்துக்கும் சான்றாயிற்று. தமிழ் எழுத்தின் தொன்மை பற்றிய விவாதத்தில் அச்சாடி இன்று முதன்மையான இடம் பெறுகிறது. பொன்னைத் தேடிய ஒருவர் அக்கல்லறையைத் தோண்டியிருந்தால் அந்நெல்லை மண்ணோடு கொட்டியிருப்பார்.

தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையும் இத்தகையதே. அங்குத் தாழியொன்றில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என 2021இல் அறிவிக்கப்பட்டது. அதே ஊரின் தாழிகளிலிருந்து பெற்ற மாதிரிகளைக் கொண்டு, இரும்பின் பயன்பாடு கி.மு. நான்காம் ஆயிரமாண்டுக்கே செல்கிறது எனத் தமிழக அரசு 2025 சனவரியில் வெளியிட்டது. இத்தொன்மை குறித்து அறிஞரிடையே ஆய்வு தொடர்கிறது. இத்தகைய ஆய்வு நிகழ்வதற்கே அடிப்படையாக இருந்தது தாழியை அதன் இடத்திலேயே கண்டு பதிவுசெய்த பொறுமை என்பதை நாம் மறத்தலாகாது.

ஒரு நூலைப் பலர் பலமுறை படிக்கலாம். கல்லறை மேடோ ஒருமுறை மட்டுமே படிக்கக்கூடிய ஏடு. படிக்கும்போதே அது கிழிந்துவிடும். ஆகவே, படிக்கத் தெரிந்தவர் வரும்வரை அதனை மூடிவைத்திருப்பதே அறிவுடைமை.

கல்லறைக்குரிய மதிப்பு

இஃது அறிவுத்துறைக்கு மட்டும் உரிய செய்தியன்று, அறத்துக்கும் உரியது. கல்லறையை மதித்தல் எல்லாச் சமயத்தாரும் போற்றும் நெறி. இஸ்லாத்தில் அடக்கத்தலத்தைச் சந்திப்பது மறுமையை நினைவூட்டும் செயலாகக் கருதப்படுகிறது. இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பது போன்ற குற்றமே என்பது நபிமொழி தரும் கருத்து. நம் மையவாடிகளில் கபுறின்மீது கால்படாமல் ஒதுங்கி நடக்கும்படி பெரியோர் சிறுவர்க்குக் கற்பிப்பதும் இதன் பொருட்டே.

இந்த மதிப்பு நம்மவர்க்கு மட்டும் உரியதா என்னும் ஐயம் எழலாம். யூதர் ஒருவரின் சந்தூக்கு தம்மைக் கடந்து சென்றபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அது யூதருடையது என்று உடனிருந்தோர் எடுத்துரைத்தபோது, அதுவும் ஓர் உயிரன்றோ என்னும் கருத்துப்பட விடையிறுத்தார்கள். இந்நிகழ்ச்சியைக் கற்றவர்க்கு மலைமுகட்டு மேட்டினுள் இருப்பவர் எச்சமயத்தார், எம்மொழியார் என்னும் ஆராய்ச்சி மதிப்பளிப்பதற்கு முன் தேவைப்படாது. அவரும் ஒரு தாயின் பிள்ளை. அவர்பொருட்டு அழுதவர்கள் அக்கற்களை உச்சிக்குச் சுமந்தனர் என்பதே போதுமானது.

உரிமை கோருவார் இல்லாத கல்லறைக்கே காவல் மிகுதியும் தேவை. ஊரார் அறிந்த அடக்கத்தலத்தை எவரும் எளிதில் தொடமாட்டார். கேட்பதற்கு ஆள் உண்டு. நீலகிரி மேடுகளுக்கோ கேட்பார் இல்லை. தோட்டம் விரிந்தபோதும் பாதை வெட்டியபோதும் அக்கற்கள் கட்டடக் கற்களாயின. புதையல் உண்டென்னும் பேராசையால் இரவில் தோண்டப்பட்ட கல்லறைகள் தமிழகமெங்கும் உள்ளன.

சட்டம் இதனைத் தடுக்கிறது. நிலத்தில் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதைபொருளை மாவட்ட ஆட்சியர்க்கு அறிவிக்க வேண்டும் என 1878ஆம் ஆண்டுச் சட்டமே விதித்தது. தொல்சின்னங்களைக் காக்க நடுவண் அரசு 1958இலும் தமிழக அரசு 1966இலும் சட்டங்கள் இயற்றின. ஆயினும் காக்கப்பட வேண்டியது என அறிவிக்கப்பட்ட சின்னத்துக்கே அக்காவல் முழுமையாகக் கிடைக்கும். நீலகிரி உயிர்க்கோளக் காப்பகமாக 1986இல் அறிவிக்கப்பட்டது. மலைத்தொடர்வண்டி 2005இல் உலக மரபுச் சின்னமாயிற்று. மரத்துக்கும் விலங்குக்கும் இருப்புப் பாதைக்கும் கிடைத்த இக்கவனம் மலையின் மிகப்பழைய மக்கள் விட்டுச்சென்ற கற்களுக்கும் கிடைத்தல் வேண்டும்.

மாணவர் செய்யத்தக்கவை

இப்பணியில் மாணவர்க்கும் பங்குண்டு. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் கண்டறிந்தனர். ஆகோளில் மாண்ட வீரனை நினைவுகூரும் அக்கல், சங்க இலக்கியம் கூறும் நடுகல் மரபுக்கு நேர்ச்சான்றாக அமைந்தது. ஊர்தோறும் நடந்து, கற்களை உற்றுநோக்கியதன் பயன் அது. பெரும்பொருட் செலவோ கருவியோ அதற்குத் தேவைப்படவில்லை.

பிக்கட்டியிலும் அதனைச் சூழ்ந்த மலையூர்களிலும் வாழும் இளைஞர்கள் தம் ஊர்ப்புறத்தே வட்டமாக அமைந்த கற்களையோ இயல்புக்கு மாறான மேட்டையோ காணின், அதன் இருப்பிடத்தையும் சுற்றளவையும் உயரத்தையும் குறித்துக்கொள்ளலாம், நிழற்படம் எடுக்கலாம். ஊர்ப்பெரியோர் அவ்விடத்தை என்ன பெயரால் வழங்குகின்றனர், அதனைப் பற்றி என்ன கதை கூறுகின்றனர் என்பவற்றைக் கேட்டு எழுதலாம். படகர், தோடர், கோத்தர், குறும்பர், இருளர் ஆகியோரின் மொழிகளில் அவ்விடங்களுக்கு வழங்கும் பெயர்கள் முதியோரோடு மறைந்துகொண்டிருக்கின்றன. அப்பெயர்களைத் திரட்டுதல் தமிழ்த்துறை மாணவர்க்கே இயன்ற பணி. திரட்டிய செய்தியைத் தொல்லியல் துறைக்கு அறிவிக்கலாம். ஒரு கல்லைக்கூட அசைத்தல் கூடாது. உடைந்த ஓட்டுச்சில்லையும் நினைவுப்பொருளாக எடுத்து வருதல் கூடாது. அது கிடக்குமிடத்தில் கிடந்தால்தான் சான்று. நம் அலமாரிக்கு வந்துவிட்டால் வெறும் ஓடு.

முடிவுரை

நீலகிரியின் கல்லறை மேடுகள் பெயரறியா மக்களின் நினைவுச் சின்னங்கள். அவற்றைப் படிக்கத் தெரியாதவர்கள் விரைந்து திறந்தமையால், எருமை உருவமும் வெண்கலக் கிண்ணமும் நமக்குக் கிடைத்தன. அவற்றை வைத்து வழிபட்டவர் யாரென்னும் செய்தி கைநழுவியது. இங்கிலாந்தும் இதே தவற்றைச் செய்து, பின்னர்த் திருந்தி, எஞ்சிய மேடுகளைக் காத்துக்கொண்டது. நம் மலையிலும் திறக்கப்படாத மேடுகள் எஞ்சியிருத்தல் கூடும். அவற்றுள் பொருந்தலின் நெல்லைப் போன்றதொரு சான்று காத்திருக்கலாம்.

இம்மேடுகளைக் கட்டியோரின் குருதிவழி வந்தவர் இன்று யாரென்பது முடிவாகாத வினா. எனினும், அவர்கள் வாழ்ந்த மலையில் வாழ்வோரும் அவர்கள் குடித்த சுனைநீரைக் குடிப்போரும் அவர்களுடைய கல்லறைகளுக்குப் பொறுப்பாளர்களே. அப்பொறுப்பை உணர்ந்து, எஞ்சிய கற்களை இருந்தபடியே அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பது நம் கடமையாகும்.